சூடானால் கேட்கும் சத்தம்

என் மனைவி தமயந்தி இறந்த மூன்றாவது வாரத்தில் காருக்குள் ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. அவளுடைய அண்ணன் வாசலில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே மாப்ள" என்றார். மெதுவாக, டாக்டரைப் பார்க்கச் சொன்னார். டாக்டர் தூங்குவதற்கு மாத்திரை எழுதினார். தூங்கினேன். முனகல் போகவில்லை. அது என் தலைக்குள்தான் இருக்கிறதென்று நானும் நம்பத் தொடங்கினேன்.

மெக்கானிக் செபஸ்தியான், ஐம்பது வருடப் பழைய அந்தக் காரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று டீ குடித்தார். சட்டென்று டம்ளரைக் கீழே வைத்தார்.

"சூடானாத்தான் வாயத் திறக்கும் போல."

எஞ்சினை அணைத்து, ஃபேனையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றினார். மறுபடி ஸ்டார்ட் செய்தார். முனகல் இல்லை. அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினார்; சத்தமின்றிச் சுற்றியது. "இப்ப இதைச் சுத்துங்க" என்று ஆல்டர்னேட்டரைக் காட்டினார். சுற்றினேன். உள்ளே மணல் அரைபடுவதுபோல் விரலில் தெரிந்தது.

"பேரிங் போச்சு சார்."

நான் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் நீர் வந்தது.

"பேரிங் போனதுக்குச் சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன். புதுசு மாட்டிரவா?"

"மாட்டலாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட விடுங்க."

பெல்ட்டை மாட்டி ஓடவிட்டார்.

"உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது சார்."

அவர் அணைக்கக் கை நீட்டினார். "இருக்கட்டும்" என்றேன்.