பழகப் பத்து நாளாகும்

தெருநாய்க் காப்பகத்திலிருந்து ஜான்சி, தத்துக் கேட்ட அம்சவல்லியின் மரக்காணம் வீட்டுக்கே நாயைக் கொண்டுவந்தாள்.

“புது எடம்க்கா. பழகப் பத்து நாளாவது ஆவும். சாப்பிடாது, மூலையில பதுங்கும். பயப்படாதீங்க.”

நாய் நேராகப் பின்பக்கம் போய், தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கட்டிலடியில் காலை நீட்டிப் படுத்தது.

“இப்படி ஒரு நாயைப் பார்த்ததேயில்ல!” என்று ஜான்சி அசந்துபோனாள்.

உப்பளத்திலிருந்து திரும்பிய அம்சவல்லியின் கணவன் சகாதேவன் வாசலிலேயே நின்றுவிட்டான். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி அவன்மேல் தாவியது.

“அண்ணே, இதை எப்பவும் கைவிட மாட்டேன்னு இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க,” என்றாள் ஜான்சி.

அவன் பேனாவை வாங்கவில்லை.

“போடுய்யா,” என்றாள் அம்சவல்லி. “போன மாசம் இரும்பை ஊர் ரோட்டுல மரத்துல கட்டிட்டு வந்து, ஓடிப்போச்சுன்னு எங்கிட்ட சொன்னியே, அந்த நம்ம செவலைதான் இது.”

சகாதேவன் குனிந்து கையெழுத்திட்டான். அந்தக் கையை நாய் நக்கிக்கொண்டிருந்தது.