ஐந்தாவது பூட்டு

பக்கத்து இருக்கைக்காரி சிரித்த சிரிப்பில் பூர்ணிமாவின் கண்ணயர்வு கலைந்தது.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் சாயங்காலப் பேருந்து. ஜன்னலோரம் ஒரு ஜவுளிக்கடைப் பெண், சீருடைப் புடவையோடு, கைபேசியைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொன்னால்தான் ஆயிற்று என்று தோன்றியிருக்க வேண்டும். திரையைப் பூர்ணிமாவின் பக்கம் திருப்பினாள்.

"இந்த மாமனாரப் பாருங்கக்கா, சர்க்கரை டப்பாவுக்கெல்லாம் பூட்டு. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, அதே அச்சு."

பூர்ணிமா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள்.

அந்த மாமனாரை எழுதியவளே அவள்தான்.

எழில்மொழி என்ற பெயரில் எழுதியிருந்தாள். எழில்மொழி யார் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று அவள், இன்னொன்று ஷார்ஜாவில் இருக்கும் கணவன் செந்தில்குமார். கதையில் வரும் மாமனார் அவனைப் பெற்ற பஞ்சநதம். மூக்கு முழியைக்கூட மாற்றவில்லை.

சர்க்கரை அலமாரிக்கு ஒரு பூட்டு. ஃபிரிட்ஜுக்கு ஒன்று. டிவி ரிமோட்டை வைக்கும் பெட்டிக்கு ஒன்று. பம்புசெட் கொட்டகைக்கு ஒன்று. நான்கு சாவியும் அரைஞாண் கயிற்றில். மனிதர் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். எட்டு வருஷமாக ஒரு கரண்டி சர்க்கரைக்கு அவர் இடுப்பைப் பார்த்து நின்றவள், நாற்பத்தோராம் பக்கத்தில் அவரை வறுத்துக் கொட்டியிருந்தாள்.

அதனால்தான் அச்சுப் புத்தகமே வேண்டாம், மின்நூல் போதும் என்றாள். அதற்கும் பூட்டு போடச் சொன்னாள். வாங்கியவர் தன் கைபேசியில் மட்டும் படிக்கலாம். நகல் எடுக்க முடியாது, இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. படிக்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று பதிப்பகத்தார் இழுத்தார்கள். என் உழைப்பென்ன ஊர்ப் புறம்போக்கா என்று ஒரு பிடி பிடித்தாள்.

ஒரு வாசகர் எழுதியே கேட்டிருந்தார். விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தை என் மனைவிக்குக் கொடுக்க முடியவில்லை, இது எனக்குச் சொந்தமா, வாடகையா?

பூர்ணிமா பதில் போடவில்லை. கல்லூரி நூலகத்தில் நாள் முழுக்கப் புத்தகம் இரவல் கொடுக்கிறவள் அதற்கு என்னவென்று பதில் போடுவாள்?

உழைப்பு என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் பஞ்சநதம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர் படித்துவிட்டால் மறுநாள் காலையில் எந்த முகத்தோடு அவருக்குக் காபி கொண்டுபோய் வைப்பது?

இந்தப் பெண்ணோ, விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தப் புத்தகம் வந்து நாலு நாளாகிறது, பாதி ஊர் படித்தாயிற்று என்று சாதாரணமாகச் சொன்னாள். நடவு வயலில் ஒருத்தி சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் நாற்று நட்டார்களாம். உங்களுக்கும் அனுப்பவா என்றாள். பூர்ணிமா தன் புத்தகத்தைத் தானே ஓசியில் வாங்கிக்கொண்டாள்.

பூட்டை யாரும் உடைக்கவில்லை. திரையை இன்னொரு கைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கோத்திருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அத்தனையும் கோணல்மாணல். வேலைவெட்டி இல்லாத எவனோ.

காது சூடாகிவிட்டது. பதிப்பகத்துக்கு மளமளவென்று அடித்தாள். திருடன் யாரென்று கண்டுபிடியுங்கள், அவனுடைய கணக்கை முடக்குங்கள்.

அனுப்பும் முன், ஆதாரமாக ஒரு பக்கத்தைச் சேர்க்கலாம் என்று மேலே போனாள்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் ஒரு கறுப்புப் பக்கம் வரும், நடுவில் தலைப்பு மட்டும். முதல் கறுப்புப் பக்கத்தில், முகம் பார்க்கும் கண்ணாடியில் விழுவதுபோல், படம் எடுத்தவரின் உருவம் விழுந்திருந்தது.

விரலால் பெரிதாக்கினாள்.

தலையில் துண்டு. மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. ஊசியில் நூல் கோக்கிறவர்போல் நாக்கு நுனி வெளியே.

பின்னால் ஃபிரிட்ஜ். அதன் கைப்பிடியில் ஒரு பூட்டு.

செந்தில்குமாருக்கு ஓட்டை வாய் என்பது கல்யாணமான வாரமே தெரிந்த சங்கதி.

பூர்ணிமா நாற்பத்தோராம் பக்கத்தைத் தேடிப் போனாள். அதை மட்டும் அவர் விட்டிருக்கலாம். நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பக்கம் குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்? விடவில்லை. மற்றதெல்லாம் கோணல், அது ஒன்று மட்டும் நேராக, ஓர் எழுத்துகூடக் கலங்காமல் இருந்தது.

கண் நிறைந்துவிட்டது. அடித்து வைத்ததை எழுத்தெழுத்தாக அழித்தாள். நல்லவேளை, அந்தப் பெண் தன் சிரிப்பில் இருந்தாள்.

நிறுத்தத்தில் வழக்கம்போல் மொபெட்டோடு பஞ்சநதம் நின்றார். வழக்கம்போல் பையை வாங்கி முன்னால் மாட்டினார். பூர்ணிமா ஏறி உட்கார்ந்தாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை, முதுகுதான் தெரிந்தது என்பது பெரிய நிம்மதி.

வழியில் புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மொபெட் மதகைத் தாண்டியது. அவர் இடுப்பில் சாவிகள் குலுங்கின.

பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நம்ம வீட்டுல பூட்டு நாலுன்னு எழுதிருக்கே. அஞ்சும்மா. அஞ்சாவது நீ போட்டது."