வாங்கவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன்

"நான் வாங்குன சத்தியம். நானே திருப்பித் தாரேன். எம் புருசனை விட்டுரு சாமி."

பதினெட்டாம்படிக் கருப்பின் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று இதைச் சொல்லிவிட்டு, நாகஜோதி தேங்காயை ஓங்கி உடைத்தாள்.

ஒரே அடியில் அது இரண்டாகப் பிளந்தது. பூசாரி தலையசைத்தார். விடுதலை கிடைத்துவிட்டது என்று பொருள்.

அவள் கணவன் சிவபாண்டி அந்தக் கதவை நிமிர்ந்து பார்க்கவில்லை. சந்தனம் அப்பிய அந்த மரக்கதவின் முன் வாக்குக் கொடுத்தவன் அதை மீறினால் என்ன ஆகும் என்பதை, அழகர்மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வாக்கு இங்கேதான் கொடுக்கப்பட்டது.

கீழக்குயில்குடியில் நாகஜோதிக்குப் பிறந்த வீட்டார் கொடுத்திருந்த மனையை விற்று, அந்தப் பணத்தை முழுவதுமாக அவன் பங்குகளில் போட்டிருந்தான். சந்தை சரிந்து, போட்டதில் பெரும்பகுதி கரைந்துபோன நாளொன்றில் அவள் அவனை இங்கே இழுத்து வந்தாள். சீட்டாட்டக்காரனிடம் சத்தியம் வாங்குவதைப் போல, "இனி வாங்கவும் மாட்டேன், விக்கவும் மாட்டேன்" என்று சொல்ல வைத்தாள்.

கையில் இருக்கும் பங்குகளை விற்றால்தானே வெளியே வர முடியும் என்பது ஆத்திரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. பயத்தில் அவனுக்கும் தோன்றவில்லை.

சந்தை திரும்பியது அதற்குப் பிறகுதான்.

திரும்பியது என்றால், நின்று நிதானித்து அல்ல. முட்டி மோதி, இடையிடையே சறுக்கி, சறுக்கிய வேகத்திலேயே எழுந்து, முன்பு தொட்ட உயரங்களையெல்லாம் கடந்து ஏறியது. சறுக்கிய நாள்களில் பழங்காநத்தம் கடைவீதியில் பங்கு வைத்திருந்தவர்கள் கைபேசியும் கையுமாகப் பதறினார்கள். தன் மின்சாமான் கடைக்குள் சிவபாண்டி மட்டும் சலனமில்லாமல் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் உதாரணம் காட்டிப் பேசும் அளவுக்கு அவனுடைய பொறுமை பெயர் பெற்றுவிட்டது.

"ஊரெல்லாம் பங்கை டீமேட் கணக்குல வச்சிருக்கு. எங்க மாப்ள கருப்பன்கிட்டல்ல வச்சிருக்காரு!" என்று நாகஜோதியின் அண்ணன் அழகுராஜா போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

சந்தை ஏறிய நாள்களில்தான் சிவபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. விற்க முடியாத ஏக்கம் என்று நாகஜோதி நினைத்தாள். தன் வாயால் வந்த வினை என்று உள்ளுக்குள் குமைந்தாள்.

இப்போது மகள் முத்துச்செல்விக்கு இயன்முறை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இந்த வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வேறு வழி தேடிப் பார்த்துவிட்டுத்தான் அவள் தேங்காயோடு புறப்பட்டு வந்தாள்.

"போனை எடுங்க மாப்ள," என்றான் கூடவே வந்திருந்த அழகுராஜா. "ஏறுறப்ப படிப்படியா ஏறும். எறங்குறப்ப படி கெடையாது, பொத்துனு விழுந்துரும். சந்தை மூடுறதுக்குள்ள வித்துருங்க."

"சாமி முன்னால போனெல்லாம் எடுக்கக் கூடாது மச்சான்."

"அதுவும் சரிதான். வெளிய வாங்க."

அழகுராஜா அவன் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போனான். தோசைப் பிரசாதம் விற்கும் இடத்தருகே, குரங்குகளுக்குப் பயந்து பைகளை மார்போடு அணைத்தபடி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இங்க டவர் இல்ல மச்சான்."

"எனக்கு நல்லாத்தான் கெடைக்கிது. இந்தா, ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டேன்."

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே. இம்புட்டு நாள் இருந்தாச்சு. இன்னும் ஏறும்."

"பொறுத்தது போதும்ங்க," என்றாள் நாகஜோதி. "சாமியே விட்டுருச்சு. பிள்ளைக்குச் சீட்டுப் போயிருமுங்க."

அவன் இடப்பக்கம் மனைவி. வலப்பக்கம் மைத்துனன். பின்னால் கதவு.

கைபேசியை எடுத்தான். வெயிலில் கண் கூசுகிறவனைப் போலத் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அழகுராஜா தன் உள்ளங்கையைக் குவித்து அதற்கு நிழல் பிடித்தான்.

அருகில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண், என்ன வேண்டுதல் என்று நாகஜோதியிடம் விசாரித்தாள்.

"வேண்டுதல் இல்லக்கா, சத்தியத்தை எறக்கி வச்சிட்டுப் போக வந்தோம்," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டறியாத ஒரு பெருமிதம் அந்தக் குரலில் இருந்தது. "சந்தை எம்புட்டோ ஆசை காட்டுச்சு, எம்புட்டோ பயமும் காட்டுச்சு. எங்க வீட்டுக்காரரு வாக்கு மாறலக்கா."

சிவபாண்டி கட்டைவிரலைத் திரையில் வைத்தான். செயலி திறப்பதற்கான வட்டம் சுழலத் தொடங்கியது.

அன்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பேருந்து, அப்பன்திருப்பதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. நெற்றியில் பூசாரி இட்ட சந்தனம் ஈரமாகவே இருந்தது. சந்தை மேலும் சரிந்துகொண்டிருந்தது. பல நாள் உறக்கமில்லாத நாகஜோதி, இனிப் பயமில்லை என்று அவன் தோளில் தலைசாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.

அவள் விழித்துவிடாதபடி, தோளை அசைக்காமல், ஒற்றைக் கட்டைவிரலால் அத்தனையையும் கிடைத்த விலைக்கு அவன் விற்றிருந்தான்.