கல்லைத் தின்னும் காற்று

குழாயடியிலிருந்து வாளித் தண்ணீருடன் ரெனிட்டா திரும்பி வந்தபோது, அப்பாவின் கல்லறைக் கல் நுரைத்துக்கொண்டிருந்தது.

அம்மா மர்சலின் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டில்.

நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று காலையிலிருந்தே டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் கல்லைக் கழுவி, மெழுகுவர்த்தி வைக்க இடம் பண்ணிவிட்டுப் போகலாம் என்றுதான் இருவரும் சாந்தோமிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார்கள்.

அடையாறு கடலில் கலக்கும் திசையில் வானம் கறுத்துக் கிடந்தது. கல்லறைத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை.

போன வார மழையில் இரண்டு வரிசை தள்ளி ஒரு குழி உள்வாங்கியிருந்தது. அதன் சிலுவை முன்பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே வைத்த இரும்புக் கம்பி துருவேறிப் பருத்து, கல்லை நடுவில் பிளந்திருந்தது. இன்னொரு மழைக்குத் தாங்காது.

“மம்மி, இன்னா பண்றீங்க? மார்பிள்ல போய் ஆசிட் ஊத்துவாங்களா? ஏற்கெனவே உப்புக்காத்து அரிச்சு வெச்சிருக்கு. வெறும் தண்ணி ஊத்தி, மெத்துனு இருக்கிற பிரஷ்ல தேச்சா போதும்.”

மர்சலின் பாட்டிலை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

ரெனிட்டா அவசரமாக வாளியைக் கல்லின் மேல் கவிழ்த்தாள். நுரை வழிந்து மண்ணில் இறங்கியது. ஓரத்தை விரலால் தொட்டாள். சர்க்கரை போல உதிர்ந்தது. கடல் பக்கத்தில் வெள்ளை மார்பிள் இப்படித்தான் ஆகும். கவனிக்க ஆள் இல்லாத கல் என்றால் இன்னும் சீக்கிரம். சுற்றிலும் பாசி ஏறிய எத்தனையோ கற்களில் யார் பெயர் இருந்தது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மா பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவள். மார்பிளில் ஆசிட் விழுந்தால் என்ன ஆகும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியவள்.

“மாசா மாசம் வந்து இதைத்தான் ஊத்துறீங்களா?”

மர்சலின் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

மாதம் தவறாமல் புருஷனின் கல்லறையைக் கழுவப் போகிறவள் என்று பங்குக் கோயிலில் எல்லோரும் மர்சலினைப் புகழ்வார்கள். அப்பா இக்னேஷியஸும் அங்கே நல்ல பெயர் எடுத்தவர்தான். பூசையில் வாசகம் வாசிப்பார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல்களைச் சாத்துவார்.

அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் டெரிக் டிவியின் சத்தத்தைக் கூட்டுவான். ரெனிட்டா கண்ணை எடுக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மறுநாள் அம்மா முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

ரெனிட்டா கல்லுக்கு முன்னால் மெதுவாக மண்டியிட்டாள். அப்பாவின் பெயரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பெயர் அப்படியே இருந்தது. ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. பிறந்த தேதியும் இறந்த தேதியும் தெளிவாகத் தெரிந்தன.

அதற்குக் கீழேதான் கல் குழிந்திருந்தது.

அப்பா இறந்த வருஷம் டெரிக் நல்லதென்று நினைத்துச் செய்த வேலை அது. சென்னையில் இனி இடம் கிடைப்பது கஷ்டம். காலம் வரும்போது இதே குழியைத் திறந்து அம்மாவையும் அப்பாவின் மேலேயே வைத்துவிடலாம் என்று, அவள் பெயரையும் அப்போதே வெட்டச் சொல்லியிருந்தான். பிறந்த தேதி. ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் கல்.

கடலிலிருந்து காற்று சட்டென்று பலத்தது. முதல் துளிகள் விழுந்தன.

“எனக்கு இங்க வேணாம் ரெனி,” என்றாள் மர்சலின். குரல் ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் பேசுவது போலத் தணிந்திருந்தது.

ரெனிட்டா அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கினாள். ஆட்டிப் பார்த்தாள். அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. பிறகு குனிந்து, மழைநீர் ஓடும் அம்மாவின் பெயர் வரியை விரலால் தடவினாள்.

“‘ன்’ மட்டும் இன்னும் தெரியுது மம்மி.”