புதிய சாட்சி

தர்சன் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறான். கொழும்பில் அவனுடைய மேன்முறையீட்டை நடத்தும் சட்டத்தரணி நான். விசாரணைக்கு முந்திய வாரம், திருகோணமலைத் துறைமுக வீதியில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார்.

"நான் கிளிவெட்டிக் கனகரத்தினம். தர்சன் கொலை செய்ததாச் சொல்லுறது என்னைத்தான், மிஸ்."

தர்சனின் ஆட்கள் பிடித்து அனுப்பிய நடிகர் என்று நினைத்தேன். இப்படியான கெட்டித்தனங்களால் நல்ல வழக்குகள் பாழாகியிருக்கின்றன.

"மேன்முறையீட்டிலை சாட்சிகளைத் திரும்பக் கூப்பிடமாட்டினம், ஐயா. முதல் வழக்கிலை கொண்டுவர ஏலாமல் போன சாட்சியம் எண்டால்தான் சிலவேளை கேப்பினம். அப்ப நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"கோட்டிலைதான். வழக்கு முடியுமட்டும் நீதிபதிக்கு முன்னாலை, மேசையிலை இருந்தனான்."

எரிச்சலோடு அவரைப் போகச் சொன்னேன்.

அவர் கதிரையை விட்டு எழுந்தபோதுதான் சட்டையைக் கவனித்தேன். முதல் வழக்கில், இறந்தவருடையது என்று நீதிபதிக்கு முன்னால் மேசையில் வைத்துக் காட்டிய அதே நீலக் கட்டச் சட்டை. நெஞ்சில் கத்தி பாய்ந்த கிழிசல். நீதிமன்ற அலுமாரியில் பூட்டிக் கிடக்கவேண்டியது. பொத்தானில் தடயப்பொருள் அட்டை தொங்கியது. முத்திரை உடையவில்லை.

"ஆர் தந்தது இதை?" என்றேன்.

அவர் அட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மேன்முறையீடு முடியுமட்டும் இதைக் கழட்ட ஏலாதாம், மிஸ். கெதியா முடிச்சுத் தாங்கோ."