துவக்குக் குழலுக்குள் ஒரு கீறல்

கனடாவின் ஸ்காபரோவில் வேட்டைத் துவக்குகள் செய்யும் வாகீசனின் பட்டறைக்குள், ஒற்றை யன்னல் வழியாகக் காலை வெயில் விழுகிறது. மான் வேட்டைக்குத் தன் தோளுக்குப் பொருந்த ஒரு துப்பாக்கி செய்விக்க வந்திருக்கிறாள் நிலாணி. ஏற்கெனவே மூன்று பட்டறைகள் ஏறி இறங்கிவிட்டாள். இந்த வருடம் வாகீசனைத் தேடி வந்த முதல் ஆள் அவள்தான். மேசையில் கிடக்கும் இரண்டு குழல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கிறாள். குழலின் எண்ணெய் அவள் கன்னத்தில் மினுங்குகிறது. "அங்கிள், இதுக்குள்ள மெல்லிய கீறல் ஒண்டு ஓடுது. பாருங்கோவன்," என்று அதை மற்றதன் பக்கத்தில் மேசையில் வைக்கிறாள். வாகீசன் கை நீட்டிக் கைக்கு எட்டிய குழலை எடுத்துப் பழக்கத்தில் வலது கண்ணில் வைக்கிறார். ஒரு வருடமாக அந்தக் கண்ணுக்குள் பால் கலந்தாற்போல வெள்ளை. இப்போது இடதும் மங்குகிறது. மனைவிக்குக்கூட அவர் சொல்லவில்லை. கண்ணைச் சுருக்குகிறார், குழலை இடது கண்ணுக்கு மாற்றி உருட்டுகிறார், கடவுளே என்று உள்ளுக்குள் கெஞ்சுகிறார். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. "ஓம் பிள்ளை, தெரியுது. தேய்ச்சு எடுத்துத் தாறன்," என்கிறார். நிலாணி மேசையைப் பார்க்கிறாள். பிறகு மெதுவாக, "அங்கிள், கீறல் இருக்கிறது மேசையில கிடக்கிற மற்றக் குழலில," என்கிறாள். வாகீசன் குழலைக் கண்ணிலிருந்து இறக்காமல் அப்படியே நிற்கிறார்.