சொல்லிவிட்டு இறங்கிய நாள்

"ஐயா, அஞ்சு மணிக்குள்ள நாங்க வெளிய வரலன்னா, இந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுருங்க. தீயணைப்பு நிலையம்."

தப்ரேஸ் நீட்டிய சீட்டை வாங்காமல் சோலைமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் கிணற்று மோட்டார் தொட்டியில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய தென்னந்தோப்பை ஒட்டிய கரட்டுக் குன்றில்தான், காக்காப்பொன் என்கிற மைக்கா வெட்டிய அந்தப் பழைய சுரங்கம். இழுத்து மூடி அறுபது வருடம் ஆகிறது.

"உள்ள என்ன கெடைக்குது?"

"ஒண்ணும் கெடைக்காதுங்கய்யா. சும்மா சுத்திப் பாக்கத்தான்."

"ஞாயித்துக்கெழமை கறி எடுத்துத் தின்னுட்டுத் தூங்காம, இதென்னய்யா பொழப்பு?"

நியாயமான கேள்விதான். தப்ரேஸுக்குத் திண்டுக்கல்லில் தோல் மண்டி. கூட வந்த சிவபிரகாஷ் பாலிடெக்னிக்கில் வாத்தியார். ஆளுக்கொரு கிறுக்கு உண்டென்றால், இவர்களுக்குப் பாழடைந்த சுரங்கம். மூன்று ஞாயிறாக யாரிடமும் மூச்சு விடாமல் இதற்குள் இறங்கி ஏறியிருக்கிறார்கள். வெளியே ஒருவரிடமாவது சொல்லாமல் இனி இறங்குவதில்லை என்று சிவபிரகாஷ் ஒரே பிடியாய் நின்றதால்தான் இன்று இந்தச் சீட்டு.

வீட்டில் சொல்ல வழியில்லை. ஒட்டன்சத்திரத்தில் ஓர் ஆளைப் பார்க்கப் போவதாக மனைவி ஃபாயிஸாவிடம் புளுகிவிட்டு வந்திருந்தான் தப்ரேஸ். ஆக, இவர்கள் இருக்குமிடம் தெரிந்த ஒரே மனிதர் சோலைமுத்து.

"சொன்னாக் கேக்கவா போறீக? உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஊர்ல என் தலையத்தான் உருட்டுவாக" என்று முணுமுணுத்தபடி சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மணி ஒன்றுக்கு இறங்கினார்கள். நூறடி போனதும் சுரங்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அங்கே கூரை இடுப்பளவுதான், தவழ்ந்துதான் போகவேண்டும். தாண்டினால் கல்யாண மண்டபம் மாதிரி ஓர் அறை. டார்ச் அடித்தால் சுவரில் அப்பியிருக்கும் காக்காப்பொன் ஜிலுஜிலுவென்று மின்னும். படம் எடுத்தார்கள், அளந்தார்கள், வரைபடம் போட்டார்கள். நேரம் போனதே தெரியவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பியபோது, வரும்போது வெறும் ஈரமாக இருந்த பள்ளத்தில் கூரை முட்டத் தண்ணீர் நின்றது.

"மாப்ள, வெளிய மழையா?" என்றான் தப்ரேஸ்.

"வர்றப்ப வெயில் மண்டையப் பொளந்துச்சேடா. இம்புட்டுத் தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

சிவபிரகாஷ் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போட்டான். கால் மணி நேரத்தில் கோடு மூழ்கியது. மேலே இன்னொன்று போட்டான். அதுவும் மூழ்கியது. முங்கி நீந்தலாம் என்றால் இருவருக்கும் நீச்சல் தெரியாது.

"அந்த ஆளு போன் போடுவாரா?" என்று கேட்டான் சிவபிரகாஷ்.

"மூஞ்சியப் பாத்தேல்ல? விட்டது தொல்லைன்னு துண்ட விரிச்சுப் படுத்திருப்பாரு."

தப்ரேஸ் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "ஃபாயிஸா என்னைய ஒட்டன்சத்திரத்துல தேடுவா மாப்ள" என்றான். அழுதான். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே என்று நொந்துகொண்டான்.

நாலு மணிக்குப் பிறகு முழுகிய கோடு ஒன்று மெல்ல வெளியே தெரிந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். அடுத்த கோடும் தெரிந்தது. கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்ததும், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு கூரையைத் தடவித் தடவி வெளியே வந்து விழுந்தார்கள். மணி நாலே முக்கால்.

சோலைமுத்து தூங்கவில்லை. ஒரு கையில் போனும் மறு கையில் சீட்டுமாகச் சுரங்க வாயிலேயே நின்றிருந்தார். தொட்டி நிரம்பித் தளும்பியது. பக்கத்தில் அவர் மனைவி அய்யம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஓடிவந்து தப்ரேஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுருங்க தம்பி. பெரிய தப்பு நடந்துபோச்சு."

"என்னங்கய்யா?"

"எங்க கெணத்துக்கும் இந்தச் சுரங்கத்துக்கும் அடியில வழி இருக்கு. ஆளு உள்ள எறங்கியிருக்கையில மோட்டார் ஓடலாமா? தண்ணியில கரண்டு பாஞ்சா என்னாகுறது? அதான் நீங்க எறங்குன உடனே நிறுத்திப்புட்டேன். சந்தைக்குப் போய்ட்டு வந்த இந்தக் கூறுகெட்டவ, எனக்குத் தெரியாம நாலு மணிக்குப் போட்டுவிட்டுட்டா. இப்பத்தான் பாத்து நிறுத்துனேன்."

"மாடு தண்ணியில்லாமக் கத்துச்சு, போட்டேன்" என்றாள் அய்யம்மாள். "உள்ள ஆளு இருக்குன்னு எனக்கென்ன சோசியமா தெரியும்? அதுக்குப்போயி இம்புட்டு ஏச்சு."

தப்ரேஸ் அவள் முன்னால் மண்டியிட்டு, அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

யாரிடமும் சொல்லாமல் இறங்கிய மூன்று ஞாயிறும் அந்த மோட்டார் நிற்காமல் ஓடியிருந்தது.